பிளாஸ்திரி ஒட்டிய டேப்லெட்

துப்பட்டாவில் சொட்டும் மழையைப் பிழியக்கூடத் தெம்பில்லாமல் டேப்லெட் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தாள் ஊசி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற வேலை. பேச்சும் அந்த ரகம்தான். எங்கள் தெரு சும்மா பெயர் வைக்காது.

கவுண்டரில் இருந்தவன் டோக்கன். நிமிராமல் "டோக்கன் எடுத்தீங்களா?" என்று கேட்டே இளமையைத் தொலைத்தவன். அன்று நிமிர்ந்தான்... தூக்கம் கெட்டு, மை கலைந்து, அப்படியும் அழகான இரண்டு கண்கள். நிமிர்ந்தது தப்பு.

பஸ்ஸில் அவள் டேப்லெட் களவு போயிருந்தது. பேச்சு வராத அக்கா அதில் ஒரு படத்தைத் தொட்டால் ஊசியின் குரல் பேசும். பசிக்குது, வலிக்குது, லைட்டை அணை... எல்லாம் அவள் பதிவுசெய்தது. வேறொன்று வாங்கிக் கொடுத்தால் அக்கா தள்ளிவிட்டுச் சுவரைப் பார்க்கிறாள்.

மூலை உடைஞ்சு, ஊசி குத்தின இடத்துல ஒட்டுற பிளாஸ்திரி ஒட்டியிருக்கும் என்று அடையாளமும் சொன்னாள். "யார் ஆன் பண்ணாலும் உங்க கம்பெனிக்குத் தெரியும்ல? எங்கே இருக்குன்னு சொல்லுங்க."

போலீஸ் கேட்டால்தான் சொல்லலாம் என்றான்.

"வித்தப்புறம் பிறந்தநாளுக்கெல்லாம் வாழ்த்து அனுப்புனீங்க. திருட்டுப் போனதும் நான் யாரோவா?"

வரிசையே சிரித்தது. இப்படித்தான் ஒருத்தர் கெஞ்சினார், பார்த்தால் அது அவருக்குப் பயந்து ஓடிப்போன மனைவியின் போன் என்று டோக்கன் மெல்லச் சொன்னான். நியாயம்தான். நியாயம் வந்து அக்காவுக்காகப் பேசுமா? கல்லுக்கு டை கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று குத்திவிட்டுப் போனாள்.

சில வாரம் கழித்து, பாஸ்வேர்டு பூட்டை எடுத்துத் தரச் சொல்லி ஒருவன் டேப்லெட் ஒன்றை நீட்டினான். மூலையில் பிளாஸ்திரி. முடியாதென்று திருப்பிக் கொடுப்பதுதான் கம்பெனி விதி. டோக்கனோ, பேட்டரி உப்பியிருக்கு, வெடிச்சிடும் என்று புளுகி உள்ளே வைத்துவிட்டுப் போலீஸுக்குப் போன் போட்டான். வந்தவன் நழுவினான், டேப்லெட் அக்கா கைக்கு வந்தது. விதியை மீறியதற்கு டோக்கனைக் குடோனுக்குத் தள்ளினார்கள். கம்பெனி மட்டும் கூச்சமில்லாமல் ஊசியைப் படமெடுத்து, 'என்றும் உங்களுடன்' என்று வாசலில் மாட்டியது. படத்தில் அவள் சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க அவளுக்கு நாக்கு புரளவில்லை. நன்றியை வாங்கிக்கொள்ள அவனுக்கு ரோஷம். ஆனால் சார்ஜ் ஏறுதா என்று பார்க்க ஞாயிறு தவறாமல் ஊசி வீட்டுக்கு வந்தான். அப்படி என்ன சார்ஜரோ! எங்கள் ஜன்னல்களுக்கும் பொழுது போயிற்று.

ஒரு மழை மாலை. வாரத்து அசதியோடு இருவரும் டீ குடித்தார்கள். அவன் எழுந்து செருப்பை மாட்டும்போது அக்கா ஒரு புதுப் படத்தைத் தொட்டாள். அவன் முகம். யாருமில்லாதபோது பதிவுசெய்த, களைத்துப்போன ஊசியின் குரல்:

"இவர் போகாம இங்கேயே இருக்கட்டும்."

எத்தனையோ பேருக்கு நடுங்காமல் நரம்பு தேடிய கை, டம்ளரைத் தவறவிட்டது.

"அது... ஏதோ கோளாறு. சரி பண்ணிக் கொடுங்க," என்றாள், தரையைப் பார்த்து.

அவன் செருப்பைக் கழற்றினான்.

"என்னால முடியும்ங்க... ஆனா மாட்டேன்."

அக்கா அதே படத்தை மறுபடியும் தொட்டாள்.