செலிப்ரேட்டும் ஒரு வாளி சீம்பாலும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், செல்லங்களே. காற்று பலமாக அடிக்கிறது. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதையை அது தூக்கிக்கொண்டு போய்விடும். கடைசி வரை கேட்பவர்களுக்கு ஒரு வாளி இனிப்பு உண்டு. கதைக்குள்ளேதான்!

நயினார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் செவ்வந்தியும் நாகலெட்சுமியும் ஆறாம் வகுப்பு படித்தார்கள். தொண்ணூறாம் வருஷம், பொங்கல் நெருங்கும் நேரம். இங்கிலீஷ் பாடம் எடுக்கும் மலிகா டீச்சர் கரும்பலகையில் ஒரு புதுச் சொல்லை எழுதினார்.

"செலிப்ரேட். எல்லாரும் சொல்லுங்க."

"செலிப்ரேட்!"

"அப்படின்னா கொண்டாடுறது. நல்லது ஒண்ணு நடந்தா நாலு பேரோட சேர்ந்து சந்தோஷப்படுறது. 'வி செலிப்ரேட் பொங்கல்.' எங்க வீட்டுல, 'வி செலிப்ரேட் ரம்ஜான்.' நாளைக்கு ஒவ்வொருத்தரும் உங்க வீட்டுல எதைக் கொண்டாடுறீங்கன்னு ஒரு வாக்கியம் சொல்லணும்."

சோணைமுத்து எழுந்தான். "டீச்சர், என் தம்பி குளிச்சாலே எங்க வீட்டுல கொண்டாட்டந்தான். அதைச் சொல்லலாமா?"

வகுப்பே சிரித்தது. நாகலெட்சுமி மட்டும் குனிந்து தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் செவ்வந்தியிடம், "நாளைக்கு நான் பள்ளிக்கூடம் வரலைடி" என்றாள்.

"ஏன்டி?"

"எங்க வீட்டுலதான் இந்த வருசம் பொங்கல் இல்லையே."

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. ஐப்பசி மாதம் நாகலெட்சுமியைப் பெற்ற அய்யா இறந்துபோயிருந்தார். துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது.

"டீச்சர்கிட்ட நான் சொல்லிறவா?"

"வேணாம். எல்லாரும் பாவம்னு பார்ப்பாங்க. எனக்கு அழுகை வந்துரும்."

நாகலெட்சுமியின் அம்மா வெள்ளையம்மாள் வாசலில் நின்று கையை ஆட்டினார். "ஏ புள்ளைகளா, ஓடி வாங்க! அங்கன கொட்டத்துல பாருங்க!"

மாட்டுக் கொட்டத்தில், அய்யா ஆசையாக வாங்கி வளர்த்த செவலைப் பசு முதல் கன்றை ஈன்றிருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கன்று எழுந்து நின்றது, பொத்தென்று விழுந்தது, மறுபடி எழுந்தது. வெள்ளையம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் நாகலெட்சுமி ஒரு தூக்குவாளியோடு செவ்வந்தி வீட்டுக்கு வந்தாள். வாளிக்குள் பசுவின் முதல் பால், கருப்பட்டி போட்டு அவித்த சீம்பால்!

"தெருவுக்கே குடுத்தாச்சு. ஒரு வீட்டையும் விடக் கூடாதுன்னுட்டாங்க அம்மா."

செவ்வந்தி ஒரு வாய் அள்ளிப் போட்டாள். அது நாக்கில் கரையும்போதுதான் அவளுக்குச் சட்டென்று தோன்றியது.

"ஏடி, உங்க வீட்டுல இன்னைக்கு நல்லது நடந்துச்சா?"

"ஆமா."

"நாலு பேரோட சேர்ந்து சந்தோஷப்பட்டீங்களா?"

"நாப்பது பேரோட!"

"அப்ப டீச்சர் சொன்ன சொல்லு இதுதானே?"

"இது பண்டிகை இல்லையேடி."

"பண்டிகைன்னா சொன்னாங்க? நல்லதுன்னுதானே சொன்னாங்க?"

நாகலெட்சுமி யோசித்தாள். "இங்கிலீஷ்ல கன்னுக்குட்டிக்கு என்ன?"

"அது எனக்கும் தெரியாதே!"

மறுநாள் வகுப்பில் நாகலெட்சுமி எழுந்து நின்றாள். "வி செலிப்ரேட் அவர் கன்னுக்குட்டி!"

சிலர் களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "யாருக்கெல்லாம் சீம்பால் குடுத்தீங்க?"

"தெருவுக்கே, டீச்சர்."

"அப்ப ரொம்பச் சரியான வாக்கியம். கன்னுக்குட்டிக்கு மட்டும் 'காஃப்'னு போட்டுக்கம்மா."

"எங்க வீட்டுக்கும் வந்துச்சு, டீச்சர்!" என்று கத்தினான் சோணைமுத்து. "தம்பி குளிக்காமலே தின்னுட்டான்!"

இந்த முறை நாகலெட்சுமியும் சேர்ந்து சிரித்தாள்.

பொங்கல் அன்று செவ்வந்தி அதே தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு போனாள்.

"எதுக்குத்தா இம்புட்டு?" என்றார் வெள்ளையம்மாள்.

"வந்த வாளியை வெறுசாத் திருப்பக் கூடாதுல்ல, சின்னம்மா!"

அவளுக்குப் பின்னால் சோணைமுத்து ஒரு கிண்ணத்தோடு நின்றான். அவனுக்குப் பின்னால் தெருவே வந்துகொண்டிருந்தது. அன்று அந்த வீட்டு அடுப்பில் பொங்கல் பானை ஏறவில்லை. ஆனால் வந்த பாத்திரங்களை வைக்க இடமும் இல்லை.

வெள்ளையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் நல்லாயிருங்கத்தா" என்றார்.

நாகலெட்சுமி கன்றின் காதில் குனிந்து, "ஏ சுட்டி, எல்லாம் உன்னால வந்தது" என்றாள். அது அவள் பாவாடையைச் சப்பத் தொடங்கியது.

கேட்ட கண்மணிகளே, உங்கள் வீட்டில் பாலும் சிரிப்பும் வற்றாதிருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து போகும் எந்த வாளியும் நிறைந்தே திரும்பி வரட்டும்.