நோவுக்கு என்ன விலை?

சாவகச்சேரிச் சந்தையில் வாழைக்குலை விற்கும் மார்க்கண்டு, யார் எந்த எண்ணைக் கேட்டாலும் உண்மையான எண்ணைச் சொல்லமாட்டார். சந்தையில் அது தொழில். கிளினிக்கில் அது வில்லங்கமாகிவிட்டது.

மழை ஈரத்தில் வழுக்கி விழுந்ததில் அவருக்குக் கணுக்கால் எலும்பு உடைந்தது. பிளாஸ்ரர் வெட்டிய அன்று, நடை பழக்கும் றஜனி மிஸ், "பத்துக்கு எத்தினை நோ?" என்று கேட்டார்.

"ஒன்பது," என்றார் மார்க்கண்டு. மிஸ் அதை ஆறுக்கு இறக்குவார் என்பது அவர் கணக்கு. மிஸ் இறக்கவில்லை. ஒன்பது என்றே எழுதி, இன்னும் இரண்டு கிழமைக்கு ஊன்றுகோல் என்றார்.

இன்று அந்த இரண்டு கிழமை முடிந்தது.

"இந்தமுறை ஒண்டு எண்டு சொல்லப்போறன்," என்றார் பஸ்ஸில், மகள் கஜானியிடம்.

கஜானிக்குப் பத்து வயது. "காலமை படலைக்குப் போறதுக்குள்ளை ரெண்டு தரம் முருங்கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள், அப்பா."

"காய் பாத்தனான்."

"மரத்திலை காயே இல்லை."

"பொங்கலுக்குப் பத்து நாள்தான் கிடக்குப் பிள்ளை. உன்ரை மாமன் ஆழ்வாப்பிள்ளை என்ரை கடையிலை நிண்டு கேட்ட விலைக்குக் குலையைக் குடுக்கிறான். சனம் அவனைக் கும்பிட்டிட்டுப் போகுதாம்!"

கிளினிக்கில் றஜனி மிஸ் காலைத் தடவிப் பார்த்தார். "எலும்பு முழுக்கப் பொருந்தேல்லை எண்டால் நோகும். நோவை மறைச்சுக்கொண்டு பாரம் தூக்கினால் எலும்பு விலகும். பிறகு ஒப்பரேசன்தான். சொல்லுங்கோ, நோ எத்தினை?"

"ஒண்டு."

மிஸ் பேனாவை எடுத்தார்.

அப்பா பொய் சொல்கிறார் என்று சொன்னால், வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் முன்னால் அவருக்கு வெட்கம். சும்மா இருந்தால் கால் போய்விடும். கஜானி சுற்றிப் பார்த்தாள். மூலையில் நிறை பார்க்கும் மெசின் இருந்தது.

"மிஸ், அப்பா அதிலை அந்தக் காலை மட்டும் ஊண்டலாமோ? மற்றக் காலைப் பக்கத்திலை ஒரு பலகையிலை வைக்கட்டும்."

மிஸ் அவளை ஒருமுறை பார்த்தார். "நல்ல யோசனை. ஐயா, ஏலுமான அளவுக்கு மெல்ல ஊண்டுங்கோ."

மார்க்கண்டு ஊன்றினார். முள் பதினாலு கிலோவில் நின்றது. முகம் வியர்த்தது.

"மெசின் பிழை!"

மிஸ் நல்ல காலை ஊன்றச் சொன்னார். முள் எழுபதுக்குப் பாய்ந்தது.

மார்க்கண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தராசோடு நின்ற மனிதர். முள்ளோடு கதைத்து வெல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப என்ரை பொங்கல் வியாபாரம்?" என்றார் மெல்ல.

"மிஸ்," என்றாள் கஜானி, "அப்பா நிக்கவும் கூடாது, தூக்கவும் கூடாது. கதிரையிலை இருந்து கதைக்கலாமோ? வாய்க்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். "காலை உயர்த்தி வைச்சுக்கொண்டு எவ்வளவு எண்டாலும் கதைக்கட்டும்."

அந்தப் பொங்கலுக்கு ஆழ்வாப்பிள்ளை குலைகளைத் தூக்கினார். மார்க்கண்டு கதிரையில் இருந்து கதைத்தார். ஒருவரும் கும்பிட்டுவிட்டுப் போகவில்லை.

தை மாதக் கடைசியில் அவர் மறுபடி மெசினில் காலை ஊன்றினார். முள் அறுபதில் நின்றது.

"நோ எத்தினை?" என்றார் மிஸ்.

"ரெண்டு."

மிஸ் பேனாவைத் தொடாமல் அவரையே பார்த்தார்.

"கடைசி விலை, மிஸ்," என்றார் மார்க்கண்டு.