நோயற்ற கொடிக்குச் சான்று

செவ்வாய்க் கோளின் புதுக்கம்பம் குடியிருப்பில் காலையில் முதல் தண்ணீர் நோயாளிக்குத்தான். நோயாளி ஒரு திராட்சைக்கொடி. அதைக் கண்ணாடி அறையில் தனியே வைத்து, அதனுள் இருக்கும் வைரஸ் அழியாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

காரணம் எளிது. எதிர்ப்பொருள் பூசிய தட்டின் குழிகளில் இலைச்சாற்றை விடுவார்கள். வைரஸ் இருந்தால் எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும், குழி மஞ்சளாகும். மஞ்சளாகாவிட்டால் நல்ல கொடி. ஆனால் தட்டே வேலை செய்கிறதா என்று அறிய, ஒரு குழியாவது மஞ்சளாக வேண்டும். அதற்குத்தான் நோயாளி.

மற்ற கொடிகளின் குழிகளில் லேசான மஞ்சள் கண்டபோதெல்லாம் அந்தக் கொடிகளை எரித்துவிட்டார்கள். மிஞ்சியது தோட்டக்காரர் ராசாங்கத்தின் கொடி ஒன்றுதான். ஊர் இப்போது தின்னும் திராட்சை அதில் காய்ப்பது மட்டுமே.

கொடிகளைச் சோதித்துச் சான்று தரும் சான்றாளன் என்னும் இயந்திரம் பூமியிலிருந்து கப்பலில் வந்திறங்கிய அன்று நோயாளி செத்துக் கிடந்தது.

"நோயுள்ள மாதிரி இல்லாமல் சோதனை செல்லாது. சான்றில்லாத கொடி எரிக்கப்படும்," என்றது சான்றாளன். "வைரஸ் என்னிடம் இருக்கிறது. விதிப்படி அதை இங்கே வளரும் கொடி ஒன்றில் ஏற்றித்தான் மாதிரி எடுக்க வேண்டும்."

"இங்க வளர்றதே ஒண்ணுதானய்யா," என்றார் ராசாங்கம்.

சான்றாளன் வைரஸ் ஊசியை நீட்டியது.

ஆய்வுக்கூடத்து முத்துப்பேச்சி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "முதல்ல ஒரு இலையைப் பறிச்சுக் குளிர்ப்பெட்டியில வச்சுக்கலாம்ணே. அது நல்ல கொடிக்கு மாதிரி. அப்புறம் கொடியில வைரஸை ஏத்துவோம்."

"ஒரு துண்டு வெட்டி நட்டு, அதுல ஏத்தேன் தாயி."

"அது வேர் விடுறதுக்குள்ள கப்பல் போயிரும்."

"ஏத்துனா பொழைக்குமா?"

"நாலஞ்சு வருசம் கெடக்கும். காய்க்காது. ஏத்தலேன்னா கப்பல் கெளம்பும்போது இந்த எந்திரம் எரிச்சுரும்."

"நல்ல படிப்பு படிச்ச போ."

இலையை அவரே பறித்துக் கொடுத்தார். ஊசி ஏறும்போது, தடுப்பூசிக்குக் குழந்தையின் தொடையைப் பிடிப்பதுபோல, தண்டைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சோதனை நடந்தது. கொடியின் சாறு விட்ட குழி மஞ்சள். குளிர்ப்பெட்டி இலையின் சாறு விட்ட பக்கத்துக் குழி வெறும் நீராகத் தெளிந்திருந்தது. சான்றாளன் பச்சை முத்திரை குத்தியது: 'இக்குடியிருப்பின் கொடியில் வைரஸ் இல்லை.'

கூட்டம் கைதட்டியது. ஒவ்வொருவராகச் சான்றோடு நின்று படமெடுத்துப் பூமியிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். ராசாங்கத்தையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள்.

"கொடி?" என்றார் அவர்.

"அதை யாரும் கேக்கலண்ணே," என்றாள் முத்துப்பேச்சி. "கொஞ்சம் சிரிங்க."