பதினைந்தாவது நேர்காணல்

மினி பஸ் மீரிமை முதியோர் இல்லத்தின் வாசலில் இறக்கிவிட்டபோது மதியம் இரண்டு மணி. மார்ச் மாதப் பனி பாதி உருகி, சேறாகிக் கிடந்தது. கையில் மிட்டாயும் இரண்டு வட்ட ரொட்டியும் வைத்திருந்தாள். வெறுங்கையோடு போய் அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்க முடியுமா என்ன?

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் சமூகக் கொள்கையில் முதுகலை படிக்கிறாள். பிள்ளைகள் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட, தனித்துவிடப்பட்ட முதியவர்களை அரசு எப்படிக் கவனிக்கிறது என்பது ஆய்வு. பதினைந்து பேரையாவது பேட்டி எடுக்கச் சொன்னார் பேராசிரியர். பதினான்கு பேர் கிடைத்தார்கள். பதினைந்தாவது ஆளை விடுதி அறையில், டீ ஆறுவதற்குள், மீரிமே கற்பனையாக எழுதிவிட்டாள்.

சோம்பல்தான், வேறென்ன? எண்பது வயதுக் கிழவி, பச்சைத் தலைத்துணி, இடது கையில் சுண்டுவிரல் இல்லை. ‘எனக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் மறந்துவிட்டது. என்னைப் பார்க்க யாரும் வந்ததில்லை. வரவும் மாட்டார்கள்.’

அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்து ‘அருமை’ என்று எழுதிய பேராசிரியர், கூடவே ஒரு குண்டையும் போட்டார். பதினைந்து பேரின் ஒப்புதல் படிவமும் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். இல்லையென்றால் பட்டம் கிடையாது.

யாரையாவது நிஜமாகப் பேட்டி எடுத்துப் பொய்யை அகற்றிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

பராமரிப்பாளர் குல்சாத் வாளியும் துடைப்பமுமாக எதிரே வந்தாள். “வந்துட்டியா? நாலு நாளா கிழவி என் உயிரை எடுக்குது. போ, கடைசி ரூம்தான்.”

“எந்தக் கிழவி, அக்கா?”

“நல்லா நடிக்கிறே! பேட்டியைப் பாதியில விட்டுட்டு ஓடிட்டியாமே. ஒரே புலம்பல்.”

தாழ்வாரம் முழுக்க ஆர்ச்சாப் புகை. அந்தச் செடியை எரித்துப் புகை போட்டால் கெட்டது அண்டாது என்று இங்கே தினமும் போடுவார்கள்.

கடைசி அறையின் வாசலில் மட்டும் அந்த வாசனை இல்லை.

ஜன்னலைப் பார்த்தபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையில் பச்சைத் துணி. மடியில் இடது கை.

நான்கு விரல்கள்.

மீரிம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“உட்காரு கண்ணு,” என்றாள் கிழவி, திரும்பாமலே. “யாரும் வர மாட்டாங்கன்னு எழுதிட்டியே. அப்படியே ஆயிடுச்சு. எண்பது வருஷத்துல ஒரு முகம்கூட ஞாபகத்துல இல்லை.”

“மன்னிச்சிடுங்க... அழிச்சிடறேன்.”

“அழிச்சா நான் எங்கே போவேன்?”

ஜன்னல் கண்ணாடியில் மீரிமின் முகம் தெரிந்தது. கிழவியின் முகம் தெரியவில்லை.

“ஒரு மகளைக் குடுத்தே. பேரைக் குடுக்கலையே. வாய்விட்டுக் கூப்பிட முடியலை.” நான்கு விரல் கை பின்பக்கமாக நீண்டது. “படிவத்தைக் குடு. கையெழுத்துப் போடறேன்.”

ஓடியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை கண்முன் நின்றது. வெட்கக்கேடுதான், அந்தப் பயத்திலும் அவள் கை பையைத் திறந்தது. படிவம் எப்போதும் இரண்டு பிரதி. ஒன்று ஆய்வாளருக்கு, ஒன்று பேட்டி கொடுத்தவருக்கு. இரண்டிலும் கிழவியின் பேனா நிதானமாக ஓடியது. மீரிம் தன் பிரதியைப் படிக்காமலே பையில் திணித்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை ஓடினாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. பேராசிரியர் கை குலுக்கினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், விடுதி அறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது போன் அடித்தது. குல்சாத்.

“நீயெல்லாம் ஒரு பொண்ணா? பெத்தவளை இங்கே தள்ளிட்டு, அவளையே பேட்டி எடுத்திருக்கே!”

“அக்கா, என்ன சொல்றீங்க?”

“அவங்க பிரதியில தெளிவா எழுதியிருக்கு. நெருங்கிய உறவு: மகள். உன் பேரு, உன் விடுதி முகவரி. கீழே உன் கையெழுத்து வேற.”

 அந்தக் கையெழுத்தை மீரிம் போடவேயில்லை.

“உங்கம்மாவை ரெண்டு மணி பஸ்ல நானே ஏத்திவிட்டேன். இந்நேரம் வந்திருப்பாங்களே? முகத்தைச் சுளிக்காம பார்த்துக்கோ.” போன் துண்டிக்கப்பட்டது.

தாழ்வாரத்தில் செருப்பு தேய்த்து நடக்கும் ஓசை. மீரிமின் அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

“மீ...ரிம்,” என்றது குரல், பழகிப் பார்ப்பது போல. பிறகு, ஆசை தீர, மறுபடியும்: “மீரிம்!”