பவளம் குடித்த தண்ணீர்

காலையில் எழுந்ததும் முதல் தண்ணீர் தொட்டிக்கு. மனிதர்கள் பிறகுதான். தூத்துக்குடியில் பிள்ளை வேண்டுமென்று எழுதிக் கொடுத்த எல்லா வீடுகளிலும் இதுதான் வழக்கம். ரெஜினா வீட்டுக் கூடத்திலும் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பவளத்தொட்டி நின்றது. இரவில் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றிக் கண்ணாடியில் இருந்த கோட்டைத் தொடவைக்க வேண்டும்.

கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்துச் செத்த பிறகு, மிஞ்சிய துண்டுகளை அரசாங்கம் வீடுகளில் குடிவைத்தது. இலாகாவில் யாரோ ஒரு புத்திசாலி அதோடு பிள்ளை விஷயத்தையும் முடிச்சுப் போட்டுவிட்டார். மூன்று வருடம் ஒரு துண்டை உயிரோடு வளர்த்துக் காட்டுகிறவர்களுக்கே மழலை உரிமம். உரிமம் இருந்தால்தான் பிறக்கிற குழந்தைக்குத் தனி நன்னீர்ப் பங்கு. பம்ப், விளக்கு, குளிரூட்டி, சுண்ணாம்புச் சத்து, மின்சாரம் எல்லாம் அரசாங்கச் செலவு. ஊற்றுகிற தண்ணீர் மட்டும் குடும்பத்தின் பொறுப்பு. இரண்டு பேருக்கு வரும் பங்கில் தொட்டியும் ஒரு ஆள் அளவுக்குக் குடித்துவிடும்.

உரிமத்துக்குச் சில வாரங்களே இருந்தன. அந்தத் தைரியத்தில்தான் ரெஜினா உண்டானாள். வாந்தி நிற்காததால் தொட்டி வேலையைக் கணவன் இன்னாசி எடுத்துக்கொண்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போன குடும்பம். அவன் பொறுப்பேற்றதிலிருந்து குடத்தில் தண்ணீர் மிஞ்சியது. ரெஜினா குடித்தாள். எப்படி மிஞ்சுகிறது என்று கேட்கவில்லை. தாகம் அப்படி.

பவளம் சுருங்கத் தொடங்கியதும் இலாகா ஆய்வாளர் குழலி வந்தார். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டை உப்பளவு காட்டும் உவர்மானியில் விட்டுப் பார்த்தார்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"கடல் தண்ணிதான் மேடம். தொறமொகத்துலருந்து வடிகட்டிக் கொண்டாந்தேன்." பாராட்டு கிடைக்கப் போவதுபோல இன்னாசி சொன்னான். "கடல்ல கெடந்த ஜீவன்தான? அதுக்கு எதுக்கு நல்ல தண்ணி? மாசமா இருக்கவ குடிக்கட்டுமேன்னுதான்."

"ஆவியாப் போறது தண்ணி மட்டும்தாங்க. உப்பு உள்ளேயே நிக்கும். அது மேல தினமும் உப்புத் தண்ணிய ஊத்துனா என்ன ஆகும்?"

குழலிக்குக் கோபமில்லை, களைப்புதான். பவளத்தின் சதை உரிந்து உள்ளே வெள்ளை எலும்பு தெரிந்தது.

"வேற துண்டு குடுங்க மேடம்," என்றாள் ரெஜினா. "மொதல்லருந்து பாத்துக்கிடுதோம்."

"ஒரு உயிரைச் சாகவிட்டவங்களுக்கு மறுபடி கிடையாதும்மா. உரிமமும் இனிமே இல்ல."

"அப்ப வயித்துல இருக்கது?"

"பிறக்கும். பங்குதான் வராது."

அன்றைக்கே ஆட்கள் வந்து தொட்டியை எடுத்துப் போனார்கள். அழுகை வரும் என்று ரெஜினா காத்திருந்தாள், வரவில்லை. இன்னாசியைத் திட்டலாம் என்று பார்த்தாள். அவளுக்காகச் செய்தவனை எந்த வாயால் திட்டுவது? எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

மறுநாள் காலை இன்னாசி இரண்டு தம்ளர்களையும் விளிம்புவரை நிறைத்துக் கொண்டுவந்தான்.

"இவ்ளோ எதுக்கு?"

"இனி நம்ம ரெண்டு பேருதான?"

"இது பொறந்த பெறகு?"

இன்னாசி தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தான்.

"ரெண்டு பேரு தண்ணியில மூணு பேரு. நமக்குப் பழக்கந்தானட்டி," என்றான்.

ரெஜினா தன் தம்ளரில் பாதியைத் திரும்பக் குடத்தில் ஊற்றினாள்.

"அந்தப் பழக்கம் விட்டுறக் கூடாது," என்றாள்.