ஆகாரின் கழுத்து

நவம்பர் 13, வியாழன்

இன்று மாலை அச்சுப்பட வகுப்பில் ஒரு தவறு செய்தேன். செம்புத் தகட்டில் பூசிய மையை மேலோட்டமாகத்தான் துடைக்க வேண்டும். கீறிய கோடுகளுக்குள் மை தங்கினால்தான் படம் விழும். நானோ அம்மா சமையலறை மேசையைத் துடைப்பதுபோல் பளபளவென்று துடைத்துவிட்டேன். தாளில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"வதனி, படத்திலை ஆளைக் காணேல்லை. பகேரியா ஊருக்கு ரெயில் ஏறிட்டாவோ?" என்றான் பக்கத்து மேசை ஜெனிஸ்டன்.

மீண்டும் மை பூசி அச்சடித்தேன். இந்த முறை ஆகார் தெளிவாக வந்தாள். பைபிளில் ஆபிரகாமின் வீட்டில் வேலை செய்தவள் அவள். ஒருநாள் அவளையும் மகனையும் வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சடித்த படம் ஒன்றைப் பார்த்துத்தான் கீறினேன். அதில் அவள் தலை குனிந்து அழுகிறாள். என் படத்தில் நிமிர்ந்து நடக்கிறாள்.

வகுப்பு நடத்தும் கிளறா அக்கா, தகட்டுக் கோட்டைச் சுரண்டி அழிக்கும் கத்தியை நீட்டினார்.

"கழுத்தைச் சுரண்டிக் குனிய வை. பழைய படத்திலை இருக்கிறமாதிரிக் கீறினால்தான் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியிலை தொங்கும்."

போன மாதம் லிபெர்த்தா தெருவில், அம்மா வேலை செய்த வீட்டின் எஜமானி சிஞ்ஞோரா அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அம்மா பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்துதான் வெளியே வந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஞாயிறன்று கண்காட்சிக்கு அம்மாவும் வருவார்.

ஆகாரும் அப்படித்தான் நடந்திருப்பாள் என்று நான் நினைப்பது சரியா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் கத்தியை வாங்கவில்லை.

"நான் மாத்தமாட்டன், அக்கா."

"ஏன்?"

"பைபிளிலை வாசிச்சுப் பாத்தனான். பிறகு வனாந்தரத்திலை குடிக்கிற தண்ணி முடிஞ்ச இடத்திலைதான் அழுறா. வாசலிலை அழுததாய் எழுதேல்லை."

"படத்திலை அழுறாவே."

"வாசிக்கத் தெரியாத சனம் இந்தப் படங்களைப் பாத்துத்தான் கதையை அறிஞ்சது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்ப எல்லாரும் அவ அழுதுகொண்டு போனவ எண்டுதானே நம்பியிருப்பினம்?"

பழைய படத்திலிருந்த வீட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"ஆபிரகாம் கூடாரத்திலை இருந்தவர். இதிலை தூண் வைச்ச பெரிய வீடு. கீறினவர் தன்ரை ஊர் வீட்டைக் கீறியிருக்கிறார். அவர் மாத்தலாம், நான் மாத்தக்கூடாதோ?"

"பல்கனியும் இருக்கு," என்றான் ஜெனிஸ்டன்.

கிளறா அக்கா இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கத்தியை இழுப்பறைக்குள் போட்டார்.

"சரி, குனிய வைக்க வேண்டாம். ஆனால் நிமிர்ந்த கழுத்துக்கு இந்தக் கோடு காணாது. பயந்து பயந்து கீறியிருக்கிறாய்."

"ஓம்," என்றேன். அது உண்மைதான்.

நாளைய வேலை: கழுத்துக் கோட்டை ஆழமாகக் கீறுவது. கண்ணீர் வைப்பதில்லை.