பிடி மாற்ற ஒரு கை

வங்கக் கடலில் எஞ்சியிருந்த கடைசி எண்ணெய்த் துளைமேடையில் ஓர் உலோகக் கை, குழாய்களை நழுவவிடாமல் நிறுத்தும் பிரேக்காகிய தடைப்பிடியைப் பற்றியபடி அசைவற்று நின்றது. கடலடி மண்ணையும் பாறையையும் ஊடுருவி இறங்கியிருந்த குழாய்த்தொடரின் பாரம் முழுவதும் அந்தப் பிடியில் தொங்கியது. தொடரை மேலே எடுத்துக் கிணற்றின் வாயைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், ஞாயிற்றொளியில் வாழப் பழகிவிட்ட உலகுக்கு எண்ணெயோடு இருந்த கடைசி உறவும் முடிந்துவிடும். ஆனால் கை எந்தக் கட்டளைக்கும் செவிசாய்க்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் பிடி நழுவும்; தொடர் அறுந்து உள்ளே விழும்; பிறகு அந்த வாயை எவராலும் அடைக்க இயலாது. மீன் விளையும் கடலில் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். தென்கிழக்கில் புயல் ஒன்று திரண்டு வந்தது.

மேடையின் மேலாளர் திலகவதிக்குக் காரணம் தெரியும். அது பழைய துளைப்பாளர் அம்பலவாணரின் கை.

துளைப்பாளர்கள் பணியாற்றிய காலத்தில் அவர்களுக்கு உணர்கையுறைகள் அணிவிக்கப்பட்டன. விரலின் அழுத்தம், மணிக்கட்டின் தயக்கம், பாறை மாறுவதை உள்ளங்கை அறிந்துகொள்ளும் நொடி என யாவும் ஆண்டுக்கணக்கில் பதிவாகி, கைந்நினைவி என்னும் கருவி பிறந்தது. பின்னர் மனிதர்கள் ஓய்வுபெற்றனர். அவர்களின் கைகள் ஓய்வுபெறவில்லை.

தொழிலோடு சேர்ந்து வழக்கமும் பதிவாகியிருந்தது. தடைப்பிடியை ஆளில்லாமல் ஒரு கணமும் விடுவதில்லை. அடுத்த பணிமுறைக்கு வருபவர் தம் கையை முன்னவர் கைமேல் வைப்பார். அதன் பிறகே கீழிருக்கும் கை விலகும். சந்நிதியின் நந்தா விளக்குக்கு, சுடர் தாழுமுன்னே அடுத்தவர் நெய் வார்ப்பது போன்றது அது. தம் முறை முடிந்த துளைப்பாளர் புதிய வேலை எதையும் தொடங்கமாட்டார். ஆள் வராமல் பிடியையும் விடமாட்டார். தன் முறை முடிந்ததும் கருவியும் அவ்வாறே நின்றது. அதனிடமிருந்து பிடியை வாங்க வேண்டிய மற்றொரு கையை, இனித் தேவைப்படாது என்று கருதி, திலகவதியே சென்ற வாரம் கழற்றி உருக்காலைக்கு அனுப்பியிருந்தார். அது அம்பலவாணரிடம் நாள்தோறும் பிடி வாங்கிய மரியசூசையின் கை. அந்தக் கைக்கு உரியவரோ வேளாங்கண்ணிக் கல்லறையில் துயில்கொண்டு சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆகவே திருவாரூரிலிருந்து அம்பலவாணரை ஹெலிகாப்டரில் அழைத்து வந்தார்கள். மேடையில் இறங்கியதும் அவர் குனிந்து இரும்புத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உப்பும் கிரீசும் துளைச்சேறும் கலந்த அந்த மணம் மாறவில்லை. முன்பு இரவெல்லாம் எரிவாயுச் சுடர் நின்றெரிந்த கம்பத்தின் உச்சியில் இப்போது கடற்காகம் ஒன்று அமர்ந்திருந்தது. அவர் அதையே சற்றுநேரம் பார்த்தார்.

"உங்க கைதானே ஐயா, நீங்க சொன்னா கேக்கும்னு நெனச்சோம்" என்றார் திலகவதி.

"வீட்டுலயே நான் சொல்லி எதுவும் கேட்டதில்ல. இது கேக்கப்போவுதா?"

அவர் தம் வலக்கையை உலோகக் கையின்மேல் வைத்தார். விரல்கள் முன்னிலும் இறுகின. மீண்டும் வைத்தார், மீண்டும் இறுகின. அவர் முகம் வாடியது.

"என்கிட்டேருந்து நானே எப்படிம்மா வாங்க முடியும்? இது சூசைக்காக நிக்குது."

மரியசூசை இடக்கை வழக்கமுடையவர். ஒவ்வொரு முறைக்கும் தாமதமாகத்தான் வருவார். வலக்கையில் தேநீர்க் குவளை இருக்கும். வந்ததும், பிடியில் நிற்பவர் மணிக்கட்டில் இடக்கையால் இருமுறை தட்டுவார். பிறகு ஒரு கேலி. அலை மேடைக்கால்களில் மோதிய மழைக்காலங்களில்கூட அந்தக் கேலி மாறியதில்லை. தாமதத்துக்காக அவரிடம் சினந்துகொள்ளாத நாளே இல்லை என்பது அம்பலவாணருக்கு நினைவு வந்தது. இன்று அந்தத் தாமதத்துக்கு ஏங்கினார்.

சுற்றி நின்றவர்களைக் கூச்சத்தோடு பார்த்துவிட்டு, இடக்கையால் உலோக மணிக்கட்டை இருமுறை தட்டி, வலக்கையை அதன்மேல் வைத்தார்.

"போய்ப் படுய்யா அம்பலம். கெணறு எங்கயும் ஓடிடாது."

சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரல்கள் நெகிழ்ந்தன. பாரம் அவர் கைக்கு வந்தது. விலகுமுன், உலோகப் பெருவிரல் அவர் மணிக்கட்டை மெல்ல ஒருமுறை அழுத்தியது. இப்படியொரு பழக்கம் தமக்கு இருந்ததை அம்பலவாணர் அன்றுவரை அறியார். எத்தனை ஆண்டுகள், எத்தனை முறை இதைச் சூசை வாங்கிக்கொண்டிருப்பார்! ஒருநாளும் அவர் அதைச் சொன்னதில்லை.

கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை. குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறின. அவர் கை இறுக்கியும் தளர்த்தியும் தன் பழைய தாளத்தைக் கண்டுகொண்டது. மாலைக்குள் கிணற்றின் வாய் அடைபட்டது. காற்று வலுத்தது, ஆட்கள் ஹெலிகாப்டரை நோக்கி நடந்தார்கள்.

"முடிஞ்சுது ஐயா. விட்டுடலாம்."

அம்பலவாணர் தம் கையைப் பார்த்தார். அந்தப் பிடியில் இப்போது எதுவும் தொங்கவில்லை.

"விடணும்னுதான் பாக்குறேன்மா. வரமாட்டேங்குது."

அருகே உலோகக் கை உள்ளங்கை மலர்ந்து ஓய்ந்து கிடந்தது. அதற்காவது நிறுத்த ஒரு மின்பொத்தான் இருந்தது. இந்தக் கைக்கு அதுவும் இல்லை. திலகவதி தம் கையுறையைக் கழற்றினார். பணிக்காலம் முழுவதும் இந்த மேடைக்குக் கட்டளையிட்டவர், தடைப்பிடியை ஒருநாளும் தொட்டதில்லை. அவர் இடக்கையால் முதியவரின் மணிக்கட்டில் இருமுறை தட்டி, கைமேல் கை வைத்தார்.

"போய்ப் படுங்க ஐயா. கெணறு எங்கயும் ஓடிடாது."

அம்பலவாணர் சிரித்தார். விரல்கள் விரிந்தன, பெருவிரல் ஒருமுறை அழுத்தியது. முறை முடிந்தவரின் நடையில், திரும்பிப் பாராமல் அவர் போய்விட்டார்.

ஹெலிகாப்டரிலிருந்து திலகவதியின் பெயர் சொல்லி யாரோ அழைத்தார்கள். பாரமற்ற பிடி, கையை எடுத்தால் போதும். அடுத்த முறைக்கான ஆள் ஏறிவரும் படிக்கட்டை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு மறுமுறையும் பார்த்தார்.